பிள்ளை போனுக்கு எந்த ஆப் போடுவது? கடைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது

வடசென்னை தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜிங் போர்ட் மாற்றுவது, தண்ணீரில் விழுந்ததைக் காய வைத்துப் பார்ப்பது, இதுதான் பிழைப்பு. ஆனால் கொரோனா நேரத்தில் ஆன்லைன் கிளாஸ் என்று வீட்டுக்கு வீடு போன் வந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு பேராவது வேறு ஒரு வேலையோடு வருகிறார்கள். "அண்ணா, பையன் போனே கதின்னு கிடக்கிறான், எதாவது ஆப் இருந்தா போட்டுக் குடுங்க." டெம்பர் கிளாஸ் ஒட்டுகிற மாதிரி, ஒட்டினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்து என் பையன் போனில் காசு கட்டி ஒன்றைப் போட்டு ஏமாந்தவன்தான், அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஆப் பெயர் கேட்டால் நான் உடனே சொல்வதில்லை. முதலில் இரண்டு கேள்வி. போன் யாருடையது? எந்த நேரத்தில், எதில் பிள்ளை மாட்டிக்கொண்டிருக்கிறது? இரண்டாவது கேள்விக்கு "எப்பப் பார்த்தாலும்" என்றுதான் எல்லோரும் பதில் சொல்வார்கள். அது பதில் இல்லை.

காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துத் தலைச்சுமையாக விற்கும் ஓர் அக்கா வந்தார். ஒன்பதாவது படிக்கும் பையன், காலையில் ஸ்கூலில் தூங்கி விழுகிறான் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். "நைட்டு பத்து மணிக்கெல்லாம் படுத்துடுறான் தம்பி, நான்தான் பார்க்கிறேனே" என்கிறார். போனை வாங்கி செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங்கைத் திறந்தேன். ஆண்ட்ராய்டு போனில் 2018இலிருந்து இருக்கிற வசதி அது, எந்த ஆப் எவ்வளவு நேரம் ஓடியது என்று மணிவாரியாகக் காட்டும். பத்து மணிக்குப் படுத்தது உண்மைதான். மூன்று மணிக்கு அக்கா ஏலத்துக்குக் கிளம்ப, மூன்றேகாலுக்குப் பையன் எழுந்து ஆறரை வரை கேம். தினமும். அந்த அக்காவுக்குத் தேவைப்பட்டது காசு கட்டி வாங்கும் ஆப் இல்லை, ராத்திரி ஒன்பதரையிலிருந்து காலை ஆறரை வரை போன் பூட்டிக்கொள்ளும் ஒரே ஒரு செட்டிங். அது இலவசம்.

அதனால் எந்த ஆப்பையும் இறக்குவதற்கு முன்னால் ஒரு வாரம் சும்மா இருங்கள். எதையும் தடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்த மணிக்கணக்கைப் பாருங்கள். மணலி கம்பெனியில் ஷிஃப்ட் போகிற அப்பா என்றால் நைட் ஷிஃப்ட் வாரம் ஒரு மாதிரி, டே ஷிஃப்ட் வாரம் ஒரு மாதிரி இருக்கும், இரண்டையும் பார்க்க வேண்டும். ராத்திரிதான் பிரச்சினையா, ரீல்ஸ்தான் பிரச்சினையா, கேமில் காசு போகிறதா, முன்பின் தெரியாதவர் யாரோ மெசேஜ் பண்ணுகிறாரா, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆப் தேடுகிறவர்தான் கடைசியில் வேவு பார்க்கிற ஆப்பில் போய் விழுகிறார்.

அம்மா போனில்தான் பிள்ளையும் பார்க்கிறது என்றால்

எங்கள் பக்கம் நிறைய வீட்டில் பிள்ளைக்கென்று தனிப் போன் கிடையாது. ஹோம்வொர்க் வாட்ஸப் குரூப்பில் வரும், அதைப் பார்க்கிறேன் என்று எட்டு மணிக்கு வாங்கினால் திரும்பி வரும்போது பத்து மணி, சார்ஜ் நாலு சதவீதம். இந்த வீட்டுக்குப் பேரன்டல் கன்ட்ரோல் ஆப் பொருந்தவே பொருந்தாது. அம்மா போனில் அதைப் போட்டால் அது அம்மாவைத்தான் கண்காணிக்கும். ஏலத்தில் நின்று விலை கேட்கும்போது "இன்றைய நேரம் முடிந்தது" என்று போன் பூட்டிக்கொண்டால் அவர் யாரைத் திட்டுவார், என்னைத்தான்.

இதற்குப் போனிலேயே இருக்கிறவை போதும். ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங் அல்லது ஸ்க்ரீன் பின்னிங் என்று ஒன்று உண்டு, செட்டிங்ஸில் செக்யூரிட்டி பக்கம் இருக்கும், கிடைக்காவிட்டால் செட்டிங்ஸ் மேலே தேடும் கட்டத்தில் தட்டிப் பாருங்கள். அதைப் போட்டுவிட்டுப் பாடம் இருக்கிற ஆப்பைத் திறந்து பின் பண்ணிக் கொடுத்தால் அந்த ஆப்பை விட்டு வெளியே வர முடியாது. வெளியே வர லாக் நம்பர் கேட்கிற மாதிரி அதிலேயே ஓர் ஆப்ஷன் உண்டு, அதை மறக்காமல் ஆன் பண்ணுங்கள், இல்லையென்றால் இரண்டு பட்டனை அமுக்கி வெளியே வந்துவிடும். ஐபோனில் இதே வேலையைச் செய்வது கைடட் ஆக்சஸ். அப்புறம், இப்போது வருகிற போன்களில் பெரும்பாலானவற்றில் ஆப் லாக் கம்பெனியே கொடுத்திருக்கிறது. பணம் அனுப்புகிற ஆப், கேலரி, வாட்ஸப் மூன்றையும் அதில் பூட்டிவிடுங்கள். தனியாக ஆப் லாக் என்று பிளே ஸ்டோரில் தேடி இறக்காதீர்கள், நான் பார்த்த முக்கால்வாசி விளம்பரக் குப்பை.

பிளே ஸ்டோர் செட்டிங்ஸுக்குள் ஃபேமிலி என்று ஒரு பகுதி, அதில் பேரன்டல் கன்ட்ரோல்ஸ். அங்கே தனியாக ஒரு பின் நம்பர் வைத்து எந்த வயதுக்கான ஆப் வரைக்கும் இறக்கலாம் என்று வரம்பு வைக்கலாம். அந்தப் போனுக்கு மட்டும் செல்லும். சின்னப் பிள்ளை என்றால் யூடியூபுக்குப் பதில் யூடியூப் கிட்ஸ். அதில் தேடும் வசதியை அணைத்துவிடலாம், நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சேனல் மட்டும் ஓடுகிற மாதிரியும் வைக்கலாம். ஆனால் எட்டு வயசுக்கு மேல் "இது பாப்பா பார்க்கிறது" என்று தூக்கிப் போட்டுவிடும், என் பையன் போட்டான்.

தனிப் போன், ஆண்ட்ராய்டு

இங்கே என் முதல் பதில் எப்போதும் ஃபேமிலி லிங்க். கூகுளே 2017இல் கொண்டுவந்தது, காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. உங்கள் போனில் அந்த ஆப், பிள்ளை போனில் மேற்பார்வை. உங்கள் போன் ஐபோனாக இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளையுடையது ஆண்ட்ராய்டாக இருக்க வேண்டும். இதில் என்னென்ன முடியும் என்றால், ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு நேரம், ஒவ்வொரு ஆப்புக்கும் தனியாக எவ்வளவு, ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டிக்கொள்ள வேண்டும், புது ஆப் இறக்க உங்களிடம் அனுமதி கேட்பது, பிள்ளை டியூஷனில்தான் இருக்கிறதா என்று மேப்பில் பார்ப்பது. நேரத்தைக் கிழமைவாரியாக மாற்றி வைக்கலாம். பரீட்சை முடிந்த அன்று போனஸாக அரை மணி சேர்த்தும் கொடுக்கலாம், இது சின்ன விஷயம்தான் ஆனால் வீட்டில் சண்டை பாதி குறையும். போன் பூட்டியிருந்தாலும் நீங்கள் கூப்பிட்டால் பிள்ளை எடுத்துப் பேச முடியும், இதைக் கேட்காத அம்மா இல்லை.

முடியாதது என்ன? வாட்ஸப்பில் என்ன பேசுகிறான் என்று காட்டாது. திரையைக் காட்டாது. சிலர் இதைக் கேட்டதும் "அப்ப இது வேஸ்ட்" என்கிறார்கள். நான் அதை நல்லது என்றுதான் சொல்வேன், ஏன் என்று பின்னால்.

போடும்போது எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. பிள்ளை போனில் அப்பாவின் ஜிமெயில் ஓடிக்கொண்டிருக்கும். கடையில் போன் வாங்கிய அன்று யாரோ அவசரத்தில் போட்டுக் கொடுத்தது. கூகுளைப் பொறுத்தவரை அந்தப் போனை வைத்திருப்பவருக்கு வயது நாற்பத்திரண்டு. ஃபேமிலி லிங்க் எதையும் செய்ய முடியாது, பெரியவர்களுக்கான வீடியோவும் தாராளமாக வரும். அதனால் முதல் வேலை, பிள்ளை பெயரில், உண்மையான பிறந்த தேதி போட்டு ஒரு கணக்கு தொடங்குவது. 13 வயதுக்குக் கீழே என்றால் உங்கள் கணக்கு வழியாகத்தான் தொடங்க முடியும், அப்போதே மேற்பார்வையும் சேர்ந்துகொள்ளும். பிறகு போனிலிருந்து அப்பா கணக்கை எடுத்துவிட வேண்டும். போட்டோ, கான்டாக்ட் எல்லாம் அந்தக் கணக்கில் இருக்கும், பார்த்து எடுத்து வைத்துவிட்டு அப்புறம் நீக்குங்கள். ஏற்கெனவே பிள்ளைக்குத் தனிக் கணக்கு இருந்தால் போன் செட்டிங்ஸில் கூகுள் என்ற பகுதிக்குள் பேரன்டல் கன்ட்ரோல்ஸ் இருக்கும், அங்கிருந்து இணைத்துக்கொள்ளலாம்.

இணைத்த கையோடு மூன்று செட்டிங் பாருங்கள். ஒன்று, குரோமில் ஆபாச தளங்களைத் தடுக்க முயல்வது என்ற ஆப்ஷன். அது குரோமுக்கு மட்டும்தான் வேலை செய்யும், போனில் வேறு பிரவுசர் இருந்தால் அதை மொத்தமாக பிளாக் செய்யுங்கள். இரண்டு, சில கம்பெனி போன்களில் பிளே ஸ்டோர் தவிர அவர்களுடைய சொந்த ஆப் ஸ்டோர் ஒன்று சேர்ந்தே வரும், அதையும் பிளாக். மூன்று, வெளியிலிருந்து ஆப் இறக்கும் அனுமதியை அணைப்பது, ஏபிகே ஃபைல் என்று பையன்கள் சொல்வது அதைத்தான்.

ஐபோன் இருக்கிற வீடு எங்கள் பக்கம் குறைவு, இருந்தாலும் பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்ட் வாங்கிக் கொடுக்கிறார்கள். அதில் ஃபேமிலி லிங்க் போனைப் பூட்டாது. ஆப்பிளின் ஸ்க்ரீன் டைம்தான். 2018இலிருந்து எல்லா ஐபோனிலும் உள்ளேயே இருக்கிறது. உங்களிடமும் ஐபோன் இருந்தால் ஃபேமிலி ஷேரிங் வழியாக உங்கள் போனிலிருந்தே நடத்தலாம். இல்லாவிட்டால் பிள்ளையின் போனிலேயே ஸ்க்ரீன் டைமுக்கு என்று தனிப் பாஸ்கோட் வைத்துப் பூட்டுங்கள், அதுவும் போனைத் திறக்கிற நம்பரும் ஒன்றாக இருக்கக் கூடாது. பழைய போன் வாங்கும்போது முந்தைய ஓனரின் ஆப்பிள் ஐடி எடுக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள், அது இருக்கிற வரைக்கும் போன் உங்களுடையது இல்லை.

காசு கட்டுகிற ஆப்

என் கதைக்கு வருகிறேன். பையன் ஏழாவது படிக்கும்போது ஒரு வெளிநாட்டு ஆப்புக்கு வருட சந்தா கட்டினேன். பெயர் வேண்டாம். முதல் வாரம் பிரமாதம், ராத்திரி ஒன்பது மணிக்கு டக்கென்று பூட்டிக்கொண்டது, நானும் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பெருமை பேசினேன். பத்தாவது நாள் பார்த்தால் பையன் பதினொரு மணிக்குப் போர்வைக்குள் கிரிக்கெட் ஹைலைட்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறான். என் போனில் இருக்கிற ரிப்போர்ட்டோ "எல்லாம் நலம்" என்கிறது. சர்வீஸ் கடை வைத்திருக்கிறவனுக்கே இரண்டு நாள் ஆனது காரணம் கண்டுபிடிக்க. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்தப் போனே பின்னால் ஓடும் ஆப்பை எல்லாம் கொன்றுகொண்டிருந்திருக்கிறது, கண்காணிக்கிற ஆப்பையும் சேர்த்து. விலை குறைந்த சீன கம்பெனி போன்களில் இது ரொம்ப சகஜம். ஆட்டோ ஸ்டார்ட்டை ஆன் செய்து, பேட்டரி கட்டுப்பாட்டில் அந்த ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்தால்தான் நிற்கும். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் திரும்பப் பார்க்க வேண்டும். ஃபேமிலி லிங்க் கூகுள் சர்வீஸோடு சேர்ந்து ஓடுவதால் இந்தத் தொல்லை குறைவு.

அதனால் காசு கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: வீட்டில் ஒரு ஐபோன், ஒரு ஆண்ட்ராய்டு, ஒரு லேப்டாப் என்று கலந்துகட்டி இருந்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால், அப்போது யோசிக்கலாம். கஸ்டோடியோ, நார்ட்டன் ஃபேமிலி, காஸ்பர்ஸ்கை சேஃப் கிட்ஸ் மாதிரி. விண்டோஸ் லேப்டாப் மட்டும் கவலை என்றால் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி இலவசமாகவே நேரக் கட்டுப்பாடு தருகிறது. எதை எடுத்தாலும் முதலில் இலவசமாகக் கொடுக்கும் நாட்களில் உங்கள் பிள்ளையின் அதே போனில் ஓட்டிப் பாருங்கள், வேறு போனில் நன்றாக ஓடுகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அந்த இலவச நாட்களில் ஒரு பொறி உண்டு. ஆரம்பத்திலேயே ஆட்டோபேக்கு, அதாவது கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிப்பதற்கு, அனுமதி வாங்கிவிடுவார்கள். ஒருமுறை பின் போட்டுச் சம்மதம் கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் ₹15,000 வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி, பின் எதுவும் கேட்காமலே பிடிக்கலாம் என்பதுதான் இங்கே விதி. ஆப்பை டெலீட் செய்தால் சந்தா நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள், நிற்காது. பிளே ஸ்டோரில் சப்ஸ்கிரிப்ஷன் பகுதியில் போய் கேன்சல் செய்ய வேண்டும், யூபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்திலும் பார்த்துவிடுங்கள். காலண்டரில் குறித்து வைத்து முதல் நாளே கேன்சல் செய்துவிடுவது என் பழக்கம், சோதனை நாட்கள் முடியும் வரை பெரும்பாலும் ஓடத்தான் செய்யும்.

தொடவே கூடாதது

"பிள்ளைக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் பார்க்கலாம்" என்று விளம்பரம் செய்கிற ஆப். வாட்ஸப் மெசேஜ், கால் ரெக்கார்டிங், கேமரா எல்லாம். பிளே ஸ்டோரில் கிடைக்காது, அவர்கள் தளத்திலிருந்து இறக்கச் சொல்வார்கள், ஆபத்தான ஆப்பைப் பிடித்துக் கொடுக்கிற கூகுளின் பிளே புரொடெக்டை அணைக்கச் சொல்வார்கள். அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கூகுளின் விதிப்படி கண்காணிக்கிற ஆப் தன் ஐகானை மறைக்கக் கூடாது, தான் ஓடிக்கொண்டிருப்பதை நோட்டிஃபிகேஷனில் எப்போதும் காட்ட வேண்டும். ஒளிந்துகொள்கிற ஆப் அந்த விதிக்கு வெளியே இருக்கிறது, அவ்வளவுதான்.

பயமுறுத்தவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். 2018இல் டீன்சேஃப் என்கிற கண்காணிப்பு ஆப்பின் சர்வர் பூட்டில்லாமல் கிடந்தது, பிள்ளைகளின் ஆப்பிள் ஐடியும் பாஸ்வேர்டும் அப்படியே படிக்கிற மாதிரி வெளியே இருந்தன. 2019இல் ரெட்டினா எக்ஸ் என்ற கம்பெனி மீது அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமே நடவடிக்கை எடுத்தது, அதன் ஆப்களில் ஒன்று பிள்ளைகளைக் கண்காணிப்பதற்கென்றே விற்கப்பட்டது. குடும்பத்தார் இருக்கிற இடம் காட்டும் லைஃப்360 அந்த இடத் தகவலை வெளியே விற்றது 2021 கடைசியில் அம்பலமாகி, பிறகு துல்லியமான இடத் தகவல் விற்பதை நிறுத்துவதாகச் சொன்னார்கள். பிள்ளையின் போட்டோ, போகிற இடம், பேசுகிற ஆள் எல்லாவற்றையும் முகம் தெரியாத ஒருவனின் சர்வரில் நாமே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, முகம் தெரியாதவர்களிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்பது எந்த ஊர் நியாயம்? ஃபேமிலி லிங்க் மெசேஜைக் காட்டாதது நல்லது என்று நான் சொன்னது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு என்று சொல்லிக்கொண்டு சில பேர் பெண்டாட்டி போனோடு வருவார்கள். போனின் வால்பேப்பரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். போட மாட்டேன். சண்டை போட்டவர்களும் உண்டு, போகட்டும்.

நல்ல ஆப்பிலும் அனுமதிகளைப் பார்த்துக் கொடுங்கள். நேரம் பார்க்க யூசேஜ் ஆக்சஸ் கேட்பது நியாயம், டெலீட் செய்யாமல் தடுக்க டிவைஸ் அட்மின் கேட்பது நியாயம், தளங்களைத் தடுக்க விபிஎன் கேட்பதும் சரி. அக்சஸிபிலிட்டி என்பது பெரிய சாவி, திரையில் இருக்கிற எல்லாவற்றையும் அதனால் படிக்க முடியும். பெயர் தெரிந்த கம்பெனியாக இல்லாவிட்டால் அதைக் கொடுக்காதீர்கள். நேரக் கட்டுப்பாட்டு ஆப் மைக் கேட்டால் எதற்கு?

இன்ஸ்டா, கேம்

ஃபேமிலி லிங்க் இன்ஸ்டாவை எத்தனை நிமிடம் என்று கட்டுப்படுத்தும், உள்ளே என்ன வருகிறது என்று கட்டுப்படுத்தாது. அதற்கு இன்ஸ்டாவுக்குள்தான் போக வேண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து இந்தியாவிலும் டீன் அக்கவுண்ட், அதாவது பதின்வயதுப் பிள்ளைகளுக்கான கணக்கு, வந்துவிட்டது. கணக்கு பிரைவேட்டாக இருக்கும், தெரியாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது, ராத்திரி பத்திலிருந்து காலை ஏழு வரை நோட்டிஃபிகேஷன் வராது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இதைத் தளர்த்த அப்பா அம்மா சம்மதம் வேண்டும். எல்லாம் சரி, ஆனால் பிள்ளை பிறந்த வருடத்தை 2001 என்று போட்டிருந்தால் இதில் ஒன்றும் வேலைக்கு ஆகாது. கடைக்கு வருகிற பிள்ளைகளில் பாதிக்குப் பாதி அப்படித்தான் போட்டிருக்கிறது. 13 வயது ஆகாத பிள்ளை தானாகக் கணக்கு தொடங்க இன்ஸ்டா, வாட்ஸப் இரண்டுமே அனுமதிப்பதில்லை. ஹோம்வொர்க் குரூப்புக்கு உங்கள் நம்பரைக் கொடுங்கள், அது பள்ளிக்கும் பழகிவிடும்.

கேமில் காசு போவதுதான் எங்கள் பக்கம் அழுகையோடு வருகிற கேஸ். கேமுக்குள் செலவழிக்கிற டைமண்ட் வாங்குகிறேன் என்று வீட்டு வாடகைக்கு வைத்த பணத்தைத் தட்டிவிட்டிருப்பான். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி வையுங்கள், முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை என்ற ஆப்ஷன் இருந்தால் அது வேண்டாம். யூபிஐ பின் நம்பரைப் பிள்ளையிடம் சொல்லி "ரெண்டு பாக்கெட் பால் வாங்கிட்டு வா" என்று அனுப்புகிற வீட்டில் எந்த ஆப் போட்டும் பிரயோஜனம் இல்லை. காசு வைத்து ஆடுகிற ரம்மி வகையறாவை 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் சட்டம் தடை செய்துவிட்டது, தமிழ்நாட்டில் 2022லேயே ஓர் அவசரச் சட்டம் வந்தது. ஆனாலும் டெலிகிராமில் லிங்க் வந்துகொண்டுதான் இருக்கிறது. பணம் போய்விட்டால் பிள்ளையை அடிப்பதற்கு முன்னால் 1930க்குப் போன் செய்யுங்கள், சைபர் கிரைம் நம்பர் அது, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. மிரட்டல், ஆபாசப் படம் கேட்பது என்று ஏதாவது வந்தால் 1098 இருக்கிறது, குழந்தைகளுக்கான உதவி எண். மிரட்டியவனின் மெசேஜை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

பிள்ளைகள் செய்கிற தில்லாலங்கடி

இதைப் படிக்கிறது பிள்ளையாக இருந்தால், தம்பி, உனக்குத் தெரியாதது ஒன்றும் இங்கே இல்லை.

போனின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைப்பது, பழைய வித்தை, சில ஆப்கள் இன்னும் ஏமாறுகின்றன. கெஸ்ட் யூசர், செகண்ட் ஸ்பேஸ், ஆப் குளோன் என்று ஒரே போனுக்குள் இன்னொரு போன் திறப்பது. செட்டிங்ஸில் தேடிப் பார்த்து எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். யூடியூபுக்கு நேரம் முடிந்தால் பிரவுசரில் யூடியூப். பிரவுசரையும் பூட்டினால் வாட்ஸப்பில் நண்பன் அனுப்புகிற லிங்க்கைத் தட்டி அங்கேயே பார்ப்பது. அப்பா தூங்கும்போது அவர் விரலை எடுத்து சென்சாரில் வைப்பது, சிரிக்காதீர்கள், ஒரு வீட்டில் மூன்று மாதம் நடந்திருக்கிறது. வீட்டு வைஃபையை நிறுத்தினால் பக்கத்து போர்ஷன் அண்ணன் ஹாட்ஸ்பாட். கடைசி அஸ்திரம் ஃபேக்டரி ரீசெட். என் கடைக்கே யூனிஃபார்மோடு வந்து "அண்ணா, லாக் மறந்துபோச்சு, ரீசெட் அடிச்சுக் குடுங்க" என்று ஐம்பது ரூபாய் நீட்டுகிறார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

இதில் பாதியை மூடுகிற வழி ஒன்று, ஃபேமிலி லிங்க் இருக்கிற உங்கள் போனுக்குப் பிறந்த வருடத்தை லாக்காக வைக்காமல் இருப்பது. பிள்ளைக்கு அதுதான் முதலில் தெரியும். வீட்டில் வைஃபை இருந்தால் ரவுட்டரில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3, அடுத்த கட்டத்தில் 1.0.0.3 என்று போடுங்கள். க்ளவுட்ஃபிளேர் 2020இலிருந்து இலவசமாகக் கொடுப்பது, ஆபாச தளங்களும் வைரஸ் தளங்களும் அந்த வைஃபையில் திறக்காது. மொபைல் டேட்டாவுக்கு இது செல்லாது என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

மீதிப் பாதியை எந்த ஆப்பாலும் மூட முடியாது, பிள்ளையிடம் சொல்லித்தான் போட வேண்டும். என் பையன் போனில் இரண்டாவது முறை போடும்போது அவனையே பக்கத்தில் உட்கார வைத்தேன். ராத்திரி ஒன்பது என்றேன், பத்து என்றான், ஒன்பதரையில் நின்றோம். ஐபிஎல் நாட்களில் மட்டும் மேட்ச் முடியும் வரை என்று ஒரு சலுகை வாங்கிக்கொண்டான். "நீ என் மெசேஜ் படிப்பியா?" என்று கேட்டான். இதில் தெரியாது, ஆனால் நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியும் என்று திரையைக் காட்டினேன். அதற்குப் பிறகு கடிகாரத்தை மாற்றுகிற வேலை நின்றது. முழுசாக நின்றது என்று சொல்ல மாட்டேன், கெஸ்ட் யூசரை ஒருமுறை முயற்சி செய்தான்.

நேரத்தைக் குறைத்தால் அந்த நேரத்துக்குப் பிள்ளை எங்கே போகும் என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். பத்துக்குப் பத்து வீட்டில் போனையும் பிடுங்கிக்கொண்டு சும்மா உட்கார் என்றால் உட்காருமா? எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை, வியாசர்பாடி என்றால் ஃபுட்பால், செரியன் நகர் பக்கம் கேரம். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா அந்த ஏரியாப் பெண்தான். என் பையன் ஸ்டிரைக்கரைப் பிடிக்கிற லட்சணத்துக்கு அவனை அங்கே அனுப்பவில்லை, ஃபுட்பாலுக்கு அனுப்புகிறேன்.

எல்லாம் போட்டு முடித்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். வீட்டு அலமாரியில், துணிக்கு அடியில், டிஸ்ப்ளே கீறல் விழுந்த பழைய போன் ஒன்று கிடக்கும். சிம் இல்லை, ஓடாது என்று நீங்கள் நினைப்பீர்கள். வைஃபை போதும் அதற்கு. அதையும் எடுத்துப் பிள்ளையின் கணக்கைப் போட்டு மேற்பார்வையில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரீசெட் செய்து யாருக்காவது விற்றுவிடுங்கள். என் வீட்டில் அப்படி இரண்டு கிடந்தன, ஒன்றில் அறுபது சதவீதம் சார்ஜ் இருந்தது.